நடுக்களத்தில் 21 ஆண்டுகள்

(சின்ன காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரதராசர் கோயிலுக்கும் அண்ணா வாழ்ந்த வீட்டுக்கும் நடந்துபோகும் தொலைவில் இருக்கிற மன்றம் இது. இங்கே பேச வருகிறவர்கள் கல்வெட்டு, பிரபந்தம், மேடைத்தமிழ் என்று பொருள் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஒரு கால்பந்து ஆட்டக்காரியைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டபோது அறக்கட்டளையார் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முதல் நன்றி. நான் பேசப்போகிறவர் ஒய்னாம் பெம்பெம் தேவி. மணிப்பூர் தலைநகர் இம்பாலில் 1980 ஏப்ரல் 4ஆம் தேதி பிறந்தவர். 1995 முதல் 2016 வரை இந்தியப் பெண்கள் அணியின் நடுக்களத்தில் ஆடியவர். கால்பந்துக்காக அர்ச்சுனா விருது பெற்ற இரண்டாவது பெண். கால்பந்துக்காகப் பத்மஸ்ரீ பெற்ற முதல் இந்தியப் பெண். இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்? பெரியவர்களில்தான் எத்தனை பேர்? அந்தக் கவலைதான் இந்தப் பொருளை எடுக்க வைத்தது.

கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் நடுக்களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்களத்தில் ஆடுகிறவர் கோல் போடுகிறார். பெயர் நாளிதழில் வருகிறது. கோல்கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தால் கூட்டம் எழுந்து நிற்கிறது. நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டும், பறித்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், யார் எங்கே ஓடுகிறார் என்று பார்த்து அவர் காலடிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய மறுநொடி அடுத்த பந்துக்குத் தயாராக வேண்டும். ஓர் ஆட்டத்தில் பத்து கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறவர்கள் இவர்கள்தான். நம் ஊருக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, கோர்வை போட்டு இணைத்து நெய்கிறோம். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர் மார்தட்டுவது அந்தக் கோர்வையை நம்பித்தான். பின்களத்தையும் முன்களத்தையும் பிரியாமல் பிடித்து வைப்பவர் நடுக்கள ஆட்டக்காரர்.

இந்த வேலைக்கு வேகத்தைவிடக் கவனம் முக்கியம். நல்ல நடுக்கள ஆட்டக்காரர் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்த்துவிடுவார். பந்து வந்த பிறகு யோசிக்கிறவரிடம் அது தங்காது. இந்தப் பழக்கத்தைத் தனியாக ஓடியோ சுவரில் பந்தை அடித்தோ கற்றுக்கொள்ள முடியாது. இருபத்திரண்டு பேர் ஓடும் உண்மையான ஆட்டத்தில், மேலே வந்து விழும் எதிராளியின் மூச்சு பின்கழுத்தில் படும்போதுதான் அது வரும். ஆகவே நடுக்கள ஆட்டக்காரரை உருவாக்குவது ஆட்டங்களின் எண்ணிக்கை. இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றியதுதான்.

பெம்பெமுக்கு அந்த ஆட்டங்கள் எங்கே கிடைத்தன? சிறுவயதில் பையன்களோடுதான். பெண் என்று தெரிந்தால் அணியில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் போபோ, ஆம்கோ என்று பையன் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஆடியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு சிறுமி, பெயரை மறைத்துக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடுகிறாள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஒரு விளையாட்டை விளையாட ஒரு குழந்தை தன் பெயரையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பது சின்ன விஷயமா? 1991இல் மணிப்பூரின் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணிக்கு அவர் தேர்வானார். இரண்டு மூன்று ஆண்டுகளில் மாநில மூத்தோர் அணிக்கே வந்துவிட்டார். 1995இல், பதினைந்து வயதில், மலேசியாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் குவாம் அணிக்கு எதிராக இந்தியாவுக்காக முதல் ஆட்டம்.

இங்கே அமெரிக்காவின் கிறிஸ்டின் லில்லியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். அவரும் நடுக்களத்தில் ஆடியவர். அவரும் சின்ன வயதில் பையன்களோடு ஆடி வளர்ந்தவர். கனெக்டிகட் மாநிலத்தின் வில்டன் என்ற சிற்றூர்க்காரர். 1987இல், பதினாறு வயதில், சீனாவில் நடந்த ஓர் ஆட்டத்தில் தேசிய அணிக்குள் வந்தார். 2010 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள் ஆடிவிட்டு 2011இல் ஓய்வு பெற்றார். பெம்பெம் ஆடியது இருபத்தோரு ஆண்டுகள். இரண்டு பேரின் தொடக்கமும் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லில்லி நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 354. ஆண், பெண் எவரும் இன்றுவரை அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. பெம்பெம் ஆடியவை நூறைக்கூடத் தொடவில்லை.

அந்த இடைவெளி திறமையால் வந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. டைட்டில் நைன் என்று அதைச் சொல்வார்கள். அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் பையன்களுக்கு அணி இருந்தால் பெண்களுக்கும் அணி வேண்டும், அவர்களுக்கு உதவித்தொகை என்றால் இவர்களுக்கும் உண்டு என்று பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் மாற வேண்டியதாயிற்று. லில்லி அந்த மாற்றத்தில் வளர்ந்த பிள்ளை. வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய நான்கு ஆண்டுகளிலும் அவருடைய அணியே தேசிய சாம்பியன். ஒரு கல்லூரி மாணவிக்கு வருடம் முழுக்க மைதானம், பயிற்சியாளர், மருத்துவர், ஆட்டங்கள். தேசிய அணிக்கு வருவதற்குள் அவர் காலுக்குள் எத்தனை ஆட்டங்கள் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெம்பெமுக்கு என்ன வாய்த்தது? 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. சீனாவிடம் இந்தியா 16-0 என்று தோற்றது. இந்தியப் பெண்கள் அணியின் மிகப்பெரிய தோல்வி அதுதான். அதே சீனப் பெண்கள் ஏழு மாதம் கழித்து, 1999 ஜூலை 10ஆம் தேதி, கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் அரங்கில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை எதிர்கொண்டார்கள். 90,185 பேர் பார்த்த ஆட்டம். நூற்றிருபது நிமிடம் ஆடியும் யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரத்தில் சீனாவின் ஒரு தலைமுட்டு கோலுக்குள் போயிருக்க வேண்டியது. கோல்கோட்டில் நின்ற லில்லி அதைத் தலையால் முட்டி வெளியே தள்ளினார். அந்த ஒரு முட்டுதான் அமெரிக்காவைக் காப்பாற்றியது. பெனால்டியில் கோப்பை அவர்களுக்குப் போனது. பாங்காக்கில் நம் பெண்களுக்கு எதிரே நின்ற அணியின் தரம் இது. பதினாறு கோல் என்றதும் தலைகுனிகிறோம். ஒரு முழு லீக்கைக்கூடப் பார்த்திராத பெண்களை உலகத்தின் முதல் இரண்டு அணிகளில் ஒன்றுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியவர்கள்தான் தலைகுனிய வேண்டும்.

இந்தியப் பெண்கள் எப்போதுமே இப்படித் தோற்றவர்கள் என்றும் எண்ண வேண்டாம். 1975இல் இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனிக் கூட்டமைப்பு தொடங்கியது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியா இரண்டாமிடம். 1981இல் ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983இல் பாங்காக்கில் மறுபடி இரண்டாமிடம். அந்த ஆண்டுதான் வங்காளத்தின் சாந்தி மல்லிக் அர்ச்சுனா விருது பெற்றார். உலகமும் அப்போது பெரிதாக முன்னே போய்விடவில்லை. இங்கிலாந்தில் 1921 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சங்க மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை இருந்தது. பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவதே 1941 முதல் 1979 வரை சட்டவிரோதம். அவர்களெல்லாம் தடையிலிருந்து எழுந்துகொண்டிருந்த காலத்தில் நாம் ஆசியாவின் இறுதி ஆட்டத்தில் நின்றோம். தடையே இல்லாத நாடு, கவனிக்காமல் விட்டதாலேயே பின்னால் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்கள் ஆட்டம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கைக்கு வந்தது. ஆண்டுக்கொரு மாநிலப் போட்டி நடந்தது. அதற்கு மேல் நெடுங்காலம் ஒன்றும் நடக்கவில்லை. 2009இல் நிலைமை எங்கே வந்து நின்றது தெரியுமா? பதினெட்டு மாதத்துக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடாததால் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலில் இந்தியப் பெண்கள் அணியின் பெயரே இல்லை.

2009இல் பெம்பெமுக்கு இருபத்தொன்பது வயது. நடுக்கள ஆட்டக்காரருக்கு உடம்பும் மூளையும் ஒன்றாகக் கனிகிற வயது அது. அந்த வயதில் அவருக்கு நாடு கொடுத்தது வெறுமை.

அப்படியும் அவர் எப்படித் தாக்குப்பிடித்தார்? இரண்டு காரணங்கள். ஒன்று மணிப்பூர். அங்கே பெண்கள் ஆடுவது அதிசயமில்லை. இம்பாலில் பெண்கள் மட்டுமே கடை போடும் இமா கெய்தல் என்ற பெரிய சந்தை இருக்கிறது. தெருப் பிரச்சினைக்கு இரவில் தீப்பந்தம் ஏந்தி வருகிறவர்களும் அங்கே பெண்கள்தான். ஊர்க் கிளப்புகளும் உள்ளூர்ப் போட்டிகளும் பெண்களுக்கு நடந்தன. தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து மிகப் பெரும்பாலான ஆண்டுகளில் கோப்பையைக் கொண்டுபோனது அந்தச் சின்ன மாநிலம். நாடு ஆட்டம் தராத ஆண்டுகளிலும் ஊர் ஆட்டம் தந்தது.

இரண்டாவது காரணம் மணிப்பூர் காவல் துறையின் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஒன்று இல்லாமல் இந்தியாவில் எந்தப் பெண்ணும் முப்பது வயதைத் தாண்டிக் கால்பந்து ஆடியதில்லை என்று நான் துணிந்து சொல்வேன். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது வீடு கேட்கும் கேள்வி, பந்து விளையாடி என்ன கிடைக்கும் என்பதுதானே. போலீஸ், ரயில்வே, எல்லைக் காவல் படை வேலைகள்தான் அந்தக் கேள்விக்கு விடையாக இருந்திருக்கின்றன. இன்றும் அணியின் முக்கியமான ஆட்டக்காரிகள் பலர் சீருடைப் பணியில் இருப்பவர்களே. 2025 ஜூலை 5ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாயில் தாய்லாந்தையே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச்சுற்று ஆடி முதல்முறையாக நுழைந்தது இந்தியா. அந்த இரண்டு கோலும் நடுக்கள ஆட்டக்காரர் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டவை. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த அவரும் எல்லைக் காவல் பணியில் இருப்பவர்.

பெம்பெமின் பிற்காலம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2010இல் வங்கதேசத்தில் தெற்காசிய விளையாட்டுத் தங்கம். அதே ஆண்டு காக்ஸ் பஜாரில் தெற்காசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் முதல்முறையாக நடந்தபோது கோப்பை. 2012இல் இலங்கையில் மறுபடி. 2014இல் இஸ்லாமாபாத்தில் மறுபடி. அகில இந்தியக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 2001இல் வாங்கியவர், பன்னிரண்டு ஆண்டு கழித்து 2013இல் அதை மறுபடியும் வாங்கினார். 2014இல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கிளப் அவரை அழைத்தது. முப்பத்து நான்கு வயதில் முதல் வெளிநாட்டு கிளப்! பலரும் அந்த வயதில் ஓய்வைப் பற்றி யோசிப்பார்கள். பெம்பெம் அப்போதுதான் சம்பளத்துக்கு ஆடும் வெளிநாட்டு ஆட்டக்காரியாகக் கப்பலேறினார்.

2016 பிப்ரவரி 15. ஷில்லாங் ஜவகர்லால் நேரு அரங்கம். தெற்காசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 4-0 என்று வென்ற கையோடு பெம்பெம் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு அக்டோபரில்தான் இந்தியப் பெண்கள் லீக்கின் தகுதிச்சுற்று கட்டாக்கில் தொடங்கியது. நாடு தழுவிய முதல் பெண்கள் லீக். இருபத்தோரு ஆண்டு நடுக்களத்தில் நின்றவர் விடைபெற்ற எட்டு மாதத்தில் லீக் பிறக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. ஆனால் அவர் புலம்பவில்லை. 2017 பிப்ரவரியில் டில்லியில் அந்த முதல் லீக்கை வென்றது மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன். அந்த அணியோடு பெம்பெம் இருந்தார். அந்த ஆண்டே அர்ச்சுனா விருது. சாந்தி மல்லிக்குக்கும் இவருக்கும் நடுவே முப்பத்து நான்கு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் தகுதியான இன்னொரு பெண் இந்த நாட்டில் ஆடவில்லையா? 2020இல் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் மணிப்பூரின் இன்னொரு பெண், முன்கள ஆட்டக்காரர் பாலா தேவி, ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். பெம்பெமுக்கு மாலத்தீவு வரை திறந்த கதவு அடுத்த தலைமுறைக்கு ஐரோப்பா வரை திறந்தது.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். இம்பால் தூரம், மணிப்பூர் வேறு பண்பாடு என்று தள்ளிவிட முடியாத கதை ஒன்று கடலூரில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் உள்ளே வந்து போன பிறகு அந்த மாவட்டத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அரசு இல்லத்தில் தங்கினார்கள். அங்கிருந்த பெண் பிள்ளைகளையும் மைதானத்துக்கு அழைத்து வந்து பந்து பழக்கிய பயிற்சியாளர் மாரியப்பன். அவர் கைபட்ட பிள்ளைகளும் இந்திரா காந்தி அகாடமி என்ற பெயரில் வளர்ந்த அணியும் கடலூரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் தலைநகராக மாற்றின. அரசோ பெரிய நிறுவனமோ திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒருவர் தினமும் மைதானத்துக்கு வந்து நின்றார். பிள்ளைகளும் வந்தார்கள்.

அந்தக் கடலூர் மண்ணில் 1994இல் பிறந்தவர் இந்துமதி கதிரேசன். இவரும் நடுக்களம்தான். தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் இந்துமதி இருந்தார். பெம்பெம் வளர்ந்த மணிப்பூரை நம் பெண்கள் வென்ற நாள் அது. அடுத்த ஆண்டு மே மாதம் லூதியானாவில் நம் மாநிலக் கிளப்பான சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன் ஆனது. அந்த அணியின் பயிற்சியாளரும் ஒரு பெண், அமிர்தா அரவிந்த். ஒரு பெண் பயிற்சியாளர் லீக் கோப்பையை வென்றது அதுதான் முதல்முறை. 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை வென்று தமிழ்நாடு தேசியக் கோப்பையை மறுபடியும் கொண்டுவந்தது. இந்தச் செய்திகளுக்கு நம் வீட்டுத் தொலைக்காட்சியில் எத்தனை நிமிடம் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2020 ஊரடங்கு நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டை விட்டு வெளியே வர எல்லோரும் அஞ்சிய அந்தக் கோடையில் இந்துமதி சென்னைச் சாலையில் காக்கிச் சட்டையோடு பணியில் நின்றார். நாட்டுக்காக ஆடும் ஒருவர், வேலை நேரம் முடிந்த பிறகுதான் உடற்பயிற்சிக்கு நேரம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. காவல் வேலை அவருக்குச் சோறு போட்டது, நிமிர்ந்து நிற்கும் துணிவையும் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆட்டமே முழுநேர வேலையாக இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு வளர்ந்திருப்பார்!

அமெரிக்கப் பெண்கள் இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2016இல் நடுக்கள ஆட்டக்காரர் கார்லி லாயிட் உள்ளிட்ட ஐந்து பேர், ஆண்கள் அணிக்கு இணையான ஊதியம் கேட்டுப் புகார் கொடுத்தார்கள். 2022இல் இரண்டரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவான தொகைக்கு வழக்கு முடிவுக்கு வந்தது. இனிச் சம ஊதியம் என்றும் ஒப்பந்தமானது. நம் நாட்டில் இன்னும் ஊதியம் பற்றிப் பேசும் இடத்துக்கே பெரும்பாலோர் வரவில்லை. ஆட்டமே போதவில்லை. 2024இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஓர் அணி ஆடியவை 26 ஆட்டங்கள். நம் பெண்கள் லீக் உள்ளூர், வெளியூர் என்ற முறைக்கு மாறியதே 2023-24இல்தான். அப்போது ஏழு அணிகள். ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம். அடுத்த பருவத்தில் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டம். முன்பு இருந்ததோடு பார்த்தால் பெரிய முன்னேற்றம். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் பதினான்கு ஆட்டத்தில் ஒரு பருவம் முடிந்துவிட்டால் மீதி மாதங்களில் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் என்ன செய்வார்?

2022 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையை இந்தியா நடத்தியது. புவனேசுவரத்தில் முதல் ஆட்டத்தில் அமெரிக்கச் சிறுமிகள் நம் சிறுமிகளை 8-0 என்று வென்றார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் இரு பக்கமும். அதற்குள் எட்டு கோல் வித்தியாசம் எப்படி வந்தது? அந்த வித்தியாசம் எட்டு வயதில் தொடங்கியது. அமெரிக்கச் சிறுமி எட்டு வயதில் வாரக் கடைசிதோறும் ஊர் லீக்கில் ஆடுகிறாள். நம் சிறுமி எட்டு வயதில் எங்கே இருக்கிறாள்?

இதைச் சின்ன காஞ்சிபுரத்தில் நின்று கேட்கும்போது எனக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. கோர்வைத் தறியில் நெசவாளர் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது. கரைப்பக்கம் நாடாவை வாங்கித் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னோர் ஆள் வீட்டுப் பெண் குழந்தையாகவே இருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத காலம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்த காலம் பின்னால் வந்தது. இப்போது குழந்தைத் தொழில் பெரிதும் குறைந்திருக்கிறது. பட்டுத் தறிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த மாலை நேரம் பெண் குழந்தைக்குத் திரும்பக் கிடைத்ததா? கிடைத்திருக்க வேண்டியது டியூஷனுக்கும் வீட்டு வேலைக்கும் செல்போனுக்கும் போய்விட்டது. அவள் தம்பி மட்டும் கிரிக்கெட் மட்டையோடு தெருவில் நிற்கிறான்.

தாய்மார்கள் மனதில் இருக்கும் அச்சங்களை நான் அறிவேன். அவற்றில் சில நியாயமானவை. பெண்களுக்கு முழங்காலின் உள்தசைநார் கிழியும் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. இடுப்பு, முழங்கால் அமைப்பு, தசைப் பயிற்சிக் குறைவு, மோசமான தரை, ஆண்களுக்காகச் செய்த பூட்ஸ் என்று பல காரணம் சொல்கிறார்கள். அந்தக் காயம் வந்தால் அறுவை சிகிச்சை, ஒன்பது மாதம், ஒரு வருடம் ஓய்வு. பணமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு ஆட்டமே முடிந்துபோகிறது. ஆனால் இதைப் பெருமளவு தடுக்கலாம். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது. இருபது நிமிடம். காசு வேண்டாம், கருவி வேண்டாம். ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குவது, தொடைப் பின்தசையை வலுவாக்குவது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியர்கள் இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றை வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடுவதற்கு ஒரு காரணம் மாதவிலக்கு நாட்களில் மைதானத்தில் பூட்டாத கழிப்பறையும் தண்ணீரும் இல்லாதது. இன்னொரு காரணம் ரத்தசோகை. வளரும் பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் நாற்பது நிமிடம் ஓட முடியாது. ஓட முடியாத பிள்ளையைச் சோம்பேறி என்று ஒதுக்குகிறோம். கீரை, முருங்கை, முட்டை, கடலை, பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை இவற்றைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு அவள் ஓட்டத்தைப் பாருங்கள்.

ஒரு வழியனுப்புதலையும் சொல்ல ஆசைப்படுகிறேன். பிரேசிலின் ஃபோர்மிகா, ஏழு உலகக் கோப்பைகளிலும் ஏழு ஒலிம்பிக்கிலும் ஆடிய நடுக்கள ஆட்டக்காரர். பெண்கள் ஆடத் தடை இருந்த காலத்தில், 1978இல் பிறந்தவர். நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் 2021 நவம்பர் 25ஆம் தேதி, அமேசான் காட்டுப் பகுதியிலுள்ள மனாஸ் நகரில். எதிரணி இந்தியா. தொடங்கிய நொடிகளில் பிரேசில் கோல் போட்டது. எட்டாவது நிமிடத்தில் பஞ்சாபின் மனீஷா கல்யாண் அதைச் சமன் செய்தார். கடைசியில் 6-1 என்று தோற்றோம். ஆனால் பிரேசில் வலைக்குள் இந்தியப் பெண் ஒருத்தியின் பந்து போனது. நாற்பத்து மூன்று வயதில் ஃபோர்மிகா மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. பெம்பெம் நம் நாட்டுக்குச் செய்ததற்கு அப்படி ஒரு நகரம் எழுந்து நின்றதா? இந்த மன்றத்தில் இப்போது நீங்கள் தட்டிய கைத்தட்டல் அவர் பெயருக்குச் சேரட்டும்.

இனி என் வேண்டுகோள். பெரிய அரங்கம் கட்டச் சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டத்தையும் கேட்கவில்லை. இந்த ஊர்ப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் கேட்கிறேன்: வாரத்தில் மூன்று மாலை, நாலரை மணி முதல் ஆறு மணி வரை, பள்ளி மைதானத்தைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பக்கத்தில் ஒரு கழிப்பறையைத் திறந்து வையுங்கள். பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம், அய்யம்பேட்டை, வாலாஜாபாத் பள்ளிகளுக்குள் ஒரு சிறிய லீக் நடத்துங்கள். கோப்பை வேண்டாம், ஆட்டங்கள் போதும். ஒவ்வொரு சிறுமிக்கும் வருடத்தில் இருபது ஆட்டமாவது கிடைக்கட்டும். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுச் செலவோடு பந்துகளுக்கும் நடுவர்களுக்கும் ஒரு தொகை ஒதுக்கினால் நான் நன்றியுடையவனாக இருப்பேன். பெற்றோர்களே, மகள் மைதானத்துக்குப் போகிறேன் என்று கேட்டால் அவள் சொந்தப் பெயரிலேயே அனுப்பி வையுங்கள். இந்த வாரமே தொடங்கலாம்.